நிவேதிகாவுக்காக எடுத்த நோட்ஸ்

இல்லீங்க, இது என்ற புஸ்தகம் இல்லீங்க. என்ற பொண்ணுது. நான் சும்மா பொரட்டிப் பாத்துட்டு வாரேன், அவ்வளவுதான். நாப்பத்திமூணு வயசுல எனக்கென்னத்துக்குங்க படிப்பு? அந்தப் பைய இப்படிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். நின்னுட்டு வந்தீங்கன்னா கோயமுத்தூர் போறதுக்குள்ள கால் கழண்டு போயிரும். சித்த இருங்க, நான் தள்ளி உக்காந்துக்கறேன், ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்துக்கலாம்.

என்ன படிக்குதா பொண்ணு? அதையேன் கேக்கறீங்க. அது படிச்சிருந்தா நான் ஏனுங்க இந்நேரத்துக்கு பஸ்ஸுல உக்காந்திருக்கறேன்?

எங்கூரு வேலம்பட்டிங்க. தென்னந்தோப்பு இருக்குது, ரெண்டு போர்வெல் இருக்குது. ஒரே பொண்ணு, நிவேதிகா. பேரு நான் வெச்சது. எங்கூட்டுக்காரரு அவிய ஆத்தா பேரத்தான் வெக்கோணும்னு நின்னாரு. நான் உடலியே. பின்னால பட்டம் போட்டா பொருத்தமா இருக்கற மாதிரி பேரா வேணும்னு ஒரு மாசம் யோசிச்சனுங்க. "ஆர். நிவேதிகா, பி.ஏ." சொல்லிப் பாருங்க. எத்தன அம்சமா இருக்குது? அதையே "ஆர். நிவேதிகா, மோட்டார் காயில் கட்டறவங்க"ன்னு சொல்லிப் பாருங்க. வாய்க்கே வருதுங்களா?

பன்னண்டாவது நல்லாத்தான் எழுதுனா. அந்த ஏப்ரல் மாசம் எங்க போர் மோட்டார் பொகஞ்சு போச்சுங்க. டவுனுக்குப் போற வழியில ஆரோக்கியசாமின்னு ஒருத்தர் காயில் கட்டற கடை வெச்சிருக்கறாரு. மோட்டார டெம்போவுல ஏத்திக்கிட்டு எங்கூட்டுக்காரரு போறப்ப, லீவுல ஊட்டுல சும்மா இருக்கறாளேன்னு இவளையும் கூட்டிட்டுப் போனாரு. அந்த ஆரோக்கியசாமி இருக்கறாரே, அவரு ஒரு மனுசன். காலைல காதுல போன வெச்சா பொழுதுக்கும் எடுக்க மாட்டாரு. இவ பக்கத்துல உக்காந்து கருகுன கம்பிய வெட்டி எடுக்கறது, எத்தன சுத்துன்னு எண்ணறது, புதுக் கம்பி சுத்தறது எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கறா. அந்தாளு போன் பேசிக்கிட்டே சுத்து எண்ணுனதுல ரெண்டு தப்பாப் போச்சாம். இவ சொல்லியிருக்கறா. அவரு மறுபடி எண்ணிப் பாத்துட்டு, "அட, ஆமா கண்ணு"ன்னாராம். அவ்வளவுதானுங்க. அன்னைக்குப் புடிச்சது கெரகம். மறுநாளும் போயிட்டா. அடுத்த நாளும் போயிட்டா. லீவு முடியறதுக்குள்ள அவளே ஒரு அரைக்குதிரை மோட்டார் கட்டிட்டாளாம்.

"செத்து வருதுமா. போறப்ப உசுரோட போகுது"ங்கறா. மோட்டார் கண்ணு அது, கன்னுக்குட்டியா என்னன்னு கேட்டேன். சிரிக்கறா.

லீவுல என்னமோ பொழுதுபோகாமப் பண்றான்னு நானும் உட்டுட்டேன். ஜூன்ல காலேஜ் கவுன்சிலிங். நான் போட்ட சத்தத்துல கூட வந்தா. டவுன்ல கவருமெண்டு காலேஜுல பி.ஏ. வரலாறு கெடச்சுதுங்க. கெடச்சுதுன்னா என்ன, மேத்ஸு வேணுமா, வரலாறு வேணுமான்னு கேட்டாங்க. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் வரலாறுன்னு சொல்லிட்டேன். அவளுக்கு வரலாறுதான் ஒத்து வரும்னு எனக்குத் தெரியாதுங்களா? பெத்தவ.

எனக்கு அப்படியெல்லாம் ஆசை எதுவும் இருந்ததில்லீங்க. எங்கப்பா காலேஜுல சேர பாரங்கூட வாங்கி வெச்சிருந்தாரு. அப்பறம் மாப்பிள்ளை வந்துட்டாங்க, சரின்னு உட்டாச்சு. அதுல எனக்கொன்னும் வெசனமில்ல. மார்க்கெல்லாம் மறந்தே போச்சு. ஆயிரத்தி முப்பத்தாறோ என்னமோ. வரலாறுல நூத்தித் தொண்ணூத்திரெண்டு, பள்ளிக்கூடத்துலயே மொதலு. எட்டு மார்க்கு எங்க போச்சுன்னா, பானிபட் சண்டை ரெண்டாவதையும் மூணாவதையும் மாத்தி எழுதிட்டேன். அதெல்லாம் யாருக்குங்க ஞாபகம் இருக்குது?

காலேஜ் தொறந்த அன்னைக்கு புதுச் சுடிதார் போட்டு, டிபன் பாக்ஸ் குடுத்து பஸ் ஏத்தி உட்டேன். பொழுதோட வந்தா. கை பாத்தா கருப்பு. "என்ன கண்ணு, காலேஜுல கரி அள்ளச் சொன்னாங்களா"ன்னு கேட்டேன். பேனா ஒழுகுச்சுன்னா. மறுநாளும் பேனா ஒழுகுச்சு. மூணாவது நாளு சுடிதார் மேல ஒரு வாடை, வார்னிஷ் வாடை. எந்தப் பேனாவுலங்க வார்னிஷ் வாடை வரும்?

கேட்டதுக்கு மறைக்கலீங்க, அத நான் ஒத்துக்கோணும். "அம்மா, நான் காலேஜுக்கே போகல. பஸ்ஸுல இருந்து கடை ஸ்டாப்புலயே எறங்கிக்கறேன். இனியும் போக மாட்டேன்"னு நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்றா.

"நெழல்ல உக்காந்து பாக்கற மாதிரி ஒரு வேலை கெடைக்கோணும்னுதானடி உன்னயப் படிக்கச் சொல்றேன்?"

"காயிலும் நெழல்ல உக்காந்துதான்மா கட்டறேன். ஃபேன் வேற இருக்குது."

"நாலு பேரு மதிக்க வேண்டாமா?"

"மோட்டார் போன அன்னைக்கு வந்து பாரு, யார மதிக்கறாங்கன்னு."

இப்படி ஒன்னுக்கு ஒன்னு பேசுனா எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? அன்னைல இருந்து அவகூட நான் பேசறத நிறுத்திட்டேன். சோறு போடுவேன், பேச மாட்டேன்.

எங்கூட்டுக்காரரு கிட்டச் சொல்லலீங்க. சொன்னா, "அப்ப சரி, இனிமே நம்ம மோட்டாருக்குச் செலவில்ல"ம்பாரு. அவரு நெனப்பு அவ்வளவுதான் ஓடும்.

அந்தச் சமயத்துல எனக்கொரே பயமுங்க. பத்து நாளு தொடர்ந்து வரலீன்னா பேர அடிச்சிருவாங்கன்னு கேள்விப்பட்டேன். இவளுக்கு இன்னைக்கில்லீன்னா நாளைக்கு மனசு மாறும், மாறறப்ப சீட்டு இருக்கோணுமில்ல? அதனால புள்ளைக்குக் காச்சல்னு ஒரு லெட்டர் எழுதிக்கிட்டு நானே கெளம்பிப் போனேன். நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு, கைப்பையும் நோட்டுமாப் போனனுங்களா, வகுப்புக்குள்ள காலு வெச்சதும் அறுவது புள்ளைகளும் எந்திரிச்சு நின்னு, "குட் மார்னிங் மேம்"ங்குது! எனக்குப் பதறிப் போச்சு. உக்காருங்க கண்ணுகளான்னு சொல்லிட்டுப் பொட்டாட்டக் கடைசி பெஞ்சுல போய் உக்காந்துட்டேன்.

வாத்தியார் அதுக்கப்பறந்தான் வந்தாரு. பேரு லெனின். பேருதான் லெனின், ஆளு பயந்த சுபாவம். முப்பது வயசு இருக்கும். இன்னும் நிரந்தர வேலையில்ல, வருசா வருசம் நீட்டிக் குடுக்கற வேலை. கடைசி பெஞ்சுல என்னயப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப் போச்சு. மேலிடத்துல இருந்து சோதிக்க வந்திருக்கறாங்கன்னு நெனச்சுட்டாரு. அன்னைக்கு நடத்துனாரு பாருங்க பாடம்! சங்க காலத்துல ஆரம்பிச்சுக் களப்பிரர் வரைக்கும் மூச்சு உடாம, போர்டுல படம் போட்டு, தேதி போட்டு, வேர்த்து ஊத்தி நடத்துனாரு. நானும் கை வலிக்க வலிக்க எழுதுனேன். நான் எழுத எழுத அவரு இன்னும் வேகமா நடத்தறாரு. பெல் அடிச்சதும் ஓடி வந்து, "மேடம், ஏதாச்சும் குறை இருந்தா சொல்லுங்க"ன்னு கையக் கட்டிக்கிட்டு நிக்கறாரு.

"குறையொன்னும் இல்லீங்க சார். களப்பிரர் முந்நூறு வருசம் ஆண்டாங்க, ஆனா அவிங்களப் பத்திக் குறிப்பே அதிகமில்ல, இருண்ட காலம்னு சொல்றாங்கன்னீங்களே, அது மட்டும் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. ஊட்டுக்கு ஒருத்தராவது நோட்ஸ் எடுத்து வெச்சிருக்கலாம்"னேன். அப்பறந்தான் காச்சல் லெட்டரக் குடுத்தேன்.

அவருக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. சிரிச்சாரு. "ஒரு வாரந்தானம்மா? பொண்ணுக்கு ஒடம்பு சரியாகறவரைக்கும் வேணும்னா வந்து குறிப்பு எடுத்துக்கோங்க"ன்னாரு. வருகைப் பதிவுலயும் டிக் அடிச்சுட்டாரு. "வீட்டுல இருந்து ஒரு ஆள் வந்தாச்சில்ல"ன்னாரு. நல்ல மனுசன்.

ஒரு வாரம் ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. காச்சல் டைபாய்டாச்சு. டைபாய்டு மஞ்சக்காமாலையாச்சு. அதுக்கு மேல எனக்கு வியாதி தெரியல, அவரும் கேக்கறத உட்டுட்டாரு. மத்த வாத்தியாருங்க வர்ற மணிக்கு வராண்டாவுல உக்காந்துக்குவேன், லெனின் சாரு வகுப்புக்கு மட்டும் உள்ள போவேன். புள்ளைக அக்கான்னு கூப்பிடுங்க. பெருமாநல்லூர்ல இருந்து ஒரு புள்ள வரும், ஜெசிமான்னு. அது எனக்குன்னு பக்கத்துல எடம் போட்டு வெக்கும்.

இதுல என்ன கூத்துன்னா, காலைல நானும் என்ற பொண்ணும் ஒரே பஸ்ஸுல போறோமுங்க. அவ முன்னால நிப்பா, நான் பின்னால உக்காந்திருப்பேன். ரெண்டு பேரு கையிலயும் டிபன் பாக்ஸு, ரெண்டுலயும் ஒரே தக்காளிச் சோறு. பேச்சில்ல. கடை ஸ்டாப்புல அவ எறங்கிருவா. நான் காலேஜுக்குப் போயிருவேன். எறங்கறப்ப ஒரு தடவ திரும்பிப் பாப்பா. நான் சன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்குவேன்.

எங்கூட்டுக்காரருகிட்ட எனக்கு முட்டிவலின்னு சொல்லி வெச்சிருந்தேன். டவுனு ஆஸ்பத்திரியில தெனமும் கரண்டு வெக்கறாங்கன்னு. அவரும் நம்பிட்டாரு. "முன்னைக்கு இப்ப நடையில ஒரு தெம்பு தெரியுது புள்ள, உடாம வெய்யி"ன்னாரு.

எல்லாம் புள்ளைக்காகத்தானுங்க. எனக்கென்ன, மகேந்திரவர்மனும் புலிகேசியும் அடிச்சுக்கிட்டா எனக்கென்ன, கட்டிப் புடிச்சுக்கிட்டா எனக்கென்ன? ஆனா ஒன்னு சொல்றேன், அந்தச் சண்டைய லெனின் சார் சொல்லச் சொல்ல எனக்கு எங்கூட்டுக்காரரும் எங்க கொழுந்தனாரும் வரப்புக்கு அடிச்சுக்கறதுதான் கண்ணு முன்னால வந்துச்சு. அப்பன் காலத்துல ஆரம்பிச்சது மகன் காலத்துல முடியுது பாருங்க, அப்படியே அதேதான்.

அந்தக் கேள்விதான் பரீட்சையில வந்துச்சு. ஆமாங்க, எழுதிட்டேன். மாதப் பரீட்சைதான், பெரிய பரீட்சை இல்ல. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு நீங்களும் எழுதிப் பாருங்கம்மா"ன்னு லெனின் சார் ஒரு பேப்பரக் குடுத்தாரு. மேல பேரு எழுதற எடத்துல என்ன எழுதறது? புள்ளைக்குப் பதிலுக்குத்தான வந்திருக்கறேன், அவ பேரத்தான் எழுதுனேன். தாளு பத்தல, சேத்து வாங்கிக் கட்டுனேன். அம்பதுக்கு நாப்பத்தாறு. சாரு பேப்பரக் குடுக்கறப்ப, "எல்லாம் சரிதாம்மா, ஆனா வாதாபிப் போர்ல வரப்புக்கல்லப் புடுங்கி எறிஞ்சதா எழுதியிருக்கீங்களே, அது எந்தக் கல்வெட்டுல இருக்குது"ன்னாரு. அதுக்குத்தான் நாலு மார்க்கு போச்சு. ஆனா பாருங்க, வகுப்புலயே அதுதான் மொதலு.

அங்கதான் வெனை வந்துச்சு. மார்க்கு லிஸ்ட்டு ஆபீசுக்குப் போச்சு. எதோ காலேஜுக்குக் காலேஜு வினாடி வினாவாம், ஒவ்வொரு வகுப்புலயும் மொத மார்க்கு எடுத்த புள்ளையத் தேடிக்கிட்டுப் பிரின்ஸ்பால் அம்மாவே வந்துட்டாங்க. வாசல்ல நின்னு, "இதுல நிவேதிகா யாரு? எந்திரிம்மா"ங்கறாங்க.

அறுவது தலையும் என்ற பக்கம் திரும்புது. லெனின் சார் போர்டப் பாத்து நின்னுக்கிட்டாரு. ஜெசிமா என்ற முந்தானையக் கீழ இழுக்கறா, உக்காருக்கா உக்காருக்கான்னு. நான் எந்திரிச்சுட்டேனுங்க. மொத மார்க்கு எடுத்துட்டு எந்திரிக்காம எப்படி இருக்கறது?

பிரின்ஸ்பால் அம்மா என்னய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. அவிங்களுக்கும் எனக்கும் ஒரே வயசு இருக்கும். "நீயா நிவேதிகா?"

"நிவேதிகாவோட அம்மாங்க."

"நிவேதிகா எங்க?"

"வந்துக்கிட்டே இருக்கறாளுங்க."

நாப்பது நாளா வந்துக்கிட்டே இருக்கறா! புள்ளைகள்லாம் சிரிச்சுப் போட்டுதுக. பிரின்ஸ்பால் அம்மா சிரிக்கல. நாளைக்குச் சாயங்காலம் மூணு மணிக்குப் பொண்ணு அவிங்க ரூமுல இருக்கோணும், இல்லீன்னா டி.சி.ய வாங்கிட்டுப் போயிருங்கன்னுட்டாங்க. லெனின் சார் பக்கம் திரும்பி, "உங்ககிட்ட அப்பறம் பேசறேன்"னாங்க. அவரு வேலைக்கு என்னால ஆபத்து வந்துருச்சேன்னு எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

மறுநாள் ரெண்டு மணிக்கு வேற வழியில்லாம கடைக்குப் போனேன். அதுதான் நான் அந்தக் கடைக்குள்ள மொதத் தடவ போறது. பாத்தா ஆரோக்கியசாமி வாசல்ல நின்னு போன் பேசறாரு. உள்ள என்ற பொண்ணு கீழ உக்காந்து, ரெண்டு காலுக்கு நடுவுல மோட்டார வெச்சுக்கிட்டு, கம்பிய உள்ள இழுத்துக்கிட்டு இருக்கறா. பக்கத்துல ஒரு பெரியவரு, வெள்ளையுஞ் சொள்ளையுமா, நல்ல வசதியான ஆளு. நின்ன எடத்துல நிக்க மாட்டேங்கறாரு. பல்லடத்துப் பக்கம் கோழிப்பண்ணை வெச்சிருக்கறாராம். அஞ்சாயிரம் கோழி. காலைல மோட்டார் கருகிப் போச்சு, தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல, டிராக்டர்ல கொண்டாந்த தண்ணியும் தீந்து போச்சாம்.

ஒன்றரை மாசத்துக்கப்பறம் நான் அவகிட்டப் பேசுன மொதப் பேச்சு, "கெளம்பு, பிரின்ஸ்பால் கூப்புடறாங்க"ங்கறதுதான்.

தலையத் தூக்கல. "இத முடிச்சுட்டு வாரேன்மா."

"மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. வரலீன்னா பேர அடிச்சிருவாங்க."

"பேர அடிச்சா அடிக்கட்டும். அங்க கோழி செத்துக்கிட்டிருக்குது."

அந்தப் பெரியவரு என்னயப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடறாரு. "அம்மா, உங்க புள்ளைங்களா? ஒரு மணி நேரம் உடுங்கம்மா. நாலு கடை ஏறி எறங்கிட்டேன், நாளைக்குத்தான்னு சொல்லிட்டாங்க. இந்த அம்மணிதான் இப்பவே கட்டித் தாரேன்னுச்சு"ங்கறாரு.

எனக்கு வேற போக்கில்ல, ஒரு காலி டிரம்மக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துட்டேன். உக்காந்தவ என்னத்தப் பண்றது, அவளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். உதடு மட்டும் அசையுது. எண்ணறா. ஆரோக்கியசாமி வந்து என்னமோ கேக்கறாரு, கையக் காட்டி நிறுத்தறா. மொதலாளிய! அவரும் நின்னுக்கறாரு. கம்பி ஒன்னு மேல ஒன்னு ஏறாம அப்படியே படிஞ்சு உக்காருது, சடை பின்னுன மாதிரி. சின்னப் புள்ளையில அவ தலைக்குச் சடை போட ஒரு நிமிசம் உக்கார மாட்டா. மூணரைக்கு முடிச்சா. மீட்டர வெச்சுப் பாத்தா. கரண்டு குடுத்தா. உர்ருன்னு ஒரு சத்தம். சத்தம் வந்ததும் மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சுங்க. பன்னண்டாவது ரிசல்ட் அன்னைக்குக்கூட அவ மூஞ்சியில அது வரல.

அந்தப் பெரியவரு மறுபடியும் கும்பிட்டாரு. பதினெட்டு வயசுப் புள்ளைய. அட, ஒரு பி.ஏ. படிச்ச புள்ளையப் பாத்து யாராச்சும் அப்படிக்... சரி, அத உடுங்க. கோழிக்காரங்க. அவிங்களுக்குக் கோழிதான் பெருசு.

அப்பறம் ரெண்டு பேரும் ஆரோக்கியசாமியோட மொபெட்டுல போனோம். அவ ஓட்ட, நான் பின்னால. போய்ச் சேர நாலே கால். பிரின்ஸ்பால் அம்மா போகாம உக்காந்திருந்தாங்க. ஒரு ஓரத்துல லெனின் சாரு. என்ற பொண்ணு போய் நின்னா, துப்பட்டாவுல கையத் தொடச்சுக்கிட்டு. வார்னிஷ் வாடை ரூமு பூராவும்.

அந்தம்மா நல்லபடியாத்தான் பேசுனாங்க. டிகிரியோட அருமை, பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எத்தன முக்கியம், நாளைக்கு ஒரு கஷ்டம்னா என்ன பண்ணுவே, எல்லாஞ் சொன்னாங்க. நான் மனசுல நெனச்ச அத்தனையும் சொன்னாங்க. இவ பொறுமையாக் கேட்டுக்கிட்டா. கடைசில, "மேம், தப்பு என்மேலதான். நான் அன்னைக்கே வந்து சீட்டு வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கோணும். யாரோ ஒரு புள்ளைக்குக் கெடச்சிருக்கும். சாரு மேல ஒன்னுமில்ல, எங்கம்மாவுக்கு முடியாதுன்னு சொல்ல யாராலயும் முடியாது"ன்னா. லெனின் சார் தலைய ஆட்டறாரு, பலமா.

"உங்கம்மா உனக்காக நாப்பது நாள் வந்து உக்காந்திருக்காங்க, அது தெரியுதா உனக்கு?"

"எனக்காகன்னு எங்கம்மா சொல்றாங்க, மேம்"னா இவ. அப்பறம் என்ற பக்கம் திரும்பி, "அம்மா, நாளைல இருந்து நான் வரட்டுமா? நீயே சொல்லு. நான் வந்தா நீ வர முடியாது. நான் வரலீன்னாலும் நீ வர முடியாது. அந்தச் சீட்டுக்கு என்னய ஒரு தடவதான் கேட்டே, அதுவும் நான் பதில் சொல்றதுக்குள்ள நீயே சொல்லிட்டே. இப்பவும் நீயே சொல்லு"ங்கறா.

நான் பையில இருந்த நோட்டத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். பிரின்ஸ்பால் அம்மா என்னயவே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்பறம் மெதுவா, "உங்களச் சேத்துக்க வழியிருந்தா நானே சேத்துக்குவேன். வயசு வரம்பு இருக்குதுங்க"ன்னாங்க. எதுக்கு அதச் சொன்னாங்கன்னே தெரியல. நானா கேட்டேன்?

டி.சி. வாங்கியாச்சு. லெனின் சாருக்கு ஒன்னும் ஆகல, ரெண்டு திட்டோட போச்சு. திரும்பி வர்ற பஸ்ஸுல அன்னைக்குத்தான் பொண்ணு என்ற பக்கத்துல வந்து உக்காந்தா. நான் அழுதுக்கிட்டே வந்தேன். நெம்ப அழுதேன். புள்ளையோட படிப்பு போச்சேன்னுதான் அழுதேன். அது போவட்டும், அன்னைக்குன்னு பாருங்க, ராஜராஜன் முடிஞ்சு ராஜேந்திரன் ஆரம்பிச்சிருந்தாரு. கடாரத்துக்குக் கப்பலெல்லாம் தயாரா நிக்குது. மறுநாள்தான் கெளம்பறதாச் சொல்லியிருந்தாரு லெனின் சார். கெளம்பிப் போயி என்னாச்சுன்னு தெரியாமயே வந்துட்டேன். அதச் சொல்லிச் சொல்லி அழுதேனாம், அவ சொல்றா. நான் அப்படியெல்லாம் அழுகல.

ஊட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரருகிட்ட எல்லாத்தையும் சொன்னோம். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப முட்டிவலி?"ங்கறாரு.

ஒரு பத்து நாளு நான் தோப்புப் பக்கம் போறதும், படுக்கறதும், எந்திரிக்கறதுமா இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் பொண்ணு ஒரு பாரத்தக் கொண்டாந்தா. ஊட்டுல இருந்தே படிக்கற யுனிவர்சிட்டியாம். சனி ஞாயிறு வகுப்பு, கோயமுத்தூர்ல பரீட்சை, வயசு வரம்பு கெடையாது. பாத்தா பி.ஏ. வரலாறு. பேரு எழுதற எடத்துல "நாகரத்தினம்"னு என்ற பேர எழுதியிருக்கறா.

"எனக்கெதுக்குடி இது? எனக்கென்ன பைத்தியமா?"ன்னேன்.

"உனக்கில்லமா. எனக்குத்தான். இப்ப எனக்கு நேரமில்ல. நீ போய்ப் பாடமெல்லாம் கேட்டு, நோட்ஸ் எடுத்து வெய்யி. பின்னாடி எனக்கு மனசு மாறுச்சுன்னா அத வெச்சுப் படிச்சுக்கறேன். என்ற பேர்ல சேந்தா மறுபடியும் பரீட்சையில மாட்டிக்குவே. அதுக்குத்தான் உன்ற பேரு."

எனக்கு அப்படியே மனசு குளுந்து போச்சு. பாத்தீங்களா, புள்ளைக்கு உள்ளுக்குள்ள படிப்பு ஆசை இருக்குது! இல்லீன்னா நோட்ஸ் எதுக்குங்க கேக்கறா? அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன்.

அதுக்குத்தானுங்க போறேன். இன்னைக்கு ரெண்டாம் வருசம் கடைசிப் பரீட்சை. பரீட்சைன்னா நான் எழுதறேன்கறது பேருக்குத்தான். எழுதிப் பாத்தாத்தான நோட்ஸுல எது விட்டுப் போச்சுன்னு தெரியும்? போன வருசம் எல்லாத்துலயும் எழுவதுக்கு மேல. ஒன்னுல எம்பத்தெட்டு. லெனின் சாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவருக்கு வேற காலேஜுல நிரந்தரமாயிருச்சு. கடாரம் என்னாச்சுன்னு கேட்டேன், முக்கா மணி நேரம் போன்லயே நடத்துனாரு. எங்கூட்டுக்காரரு எட்டி எட்டிப் பாத்துட்டுப் போறாரு, யாருகிட்ட இத்தன நேரம் கப்பலப் பத்திப் பேசறாளோன்னு.

பொண்ணா? அவ அங்கயேதான் இருக்கறா. இப்பக் கடையில பாதி அவதான். உழவங்க வந்தா, "அந்த அம்மணி இருக்குதா"ன்னு கேட்டுட்டுத்தான் மோட்டார எறக்கறாங்களாம். இப்பவே கம்ப்ரசர், வெல்டிங் மிஷினு வரைக்கும் கட்டறா. ஆரோக்கியசாமி போன் பேச நல்ல வசதியாப் போச்சு.

ஆனா போன ஞாயித்துக்கெழமை ஒன்னு நடந்துச்சு பாருங்க. அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். நான் பக்கத்துல நோட்ட விரிச்சு வெச்சு, வாய் உட்டுப் படிச்சுக்கிட்டே சாப்பிடுவேன், பழக்கமாயிருச்சு. இவ கேட்டுக்கிட்டே இருந்தவ, சோத்துல கைய வெச்சுக்கிட்டு, "ஏம்மா, நான் வேணா அடுத்த வருசம் காலேஜுல சேந்துக்கட்டுமா? நீ படிக்கறதக் கேட்டுக் கேட்டு நல்லாத்தான் இருக்குது. நீ இத்தன எடுத்து வெச்சிருக்கற நோட்ஸெல்லாம் குடு, நானே எழுதிக்கறேன். நீ நின்னுக்கலாம், பாவம், எத்தன நாள்தான் எனக்காக அலையுவே?"ன்னுட்டா.

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சுங்க. விரிச்சு வெச்ச நோட்ட வெடுக்குன்னு எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.

"இப்ப என்னத்துக்குடி உனக்குக் காலேஜு?"ன்னேன். "கையில நல்ல தொழிலு இருக்குது. நெழல்ல உக்காந்து பாக்கற வேலை. நாலு பேரு மதிக்கறாங்க, பெரிய பெரிய ஆளுகெல்லாம் வந்து கும்பிட்டு நிக்கறாங்க. அத உட்டுப்போட்டு மூணு வருசம் போய்க் கடைசி பெஞ்சுல உக்காந்து என்னத்தக் கண்டே? பி.ஏ. படிச்சவங்கெல்லாம் என்ன வானத்துல இருந்தா குதிச்சுட்டாங்க? செத்து வர்ற மோட்டார உசுரோட அனுப்பறியே, அது எத்தன பேருக்கு வரும்? புத்தியா இருந்து பொழைக்கற வழியப் பாரு. நோட்டத் தொடாத, மூணாம் வருசத்துக்கு வேணும்"னு நல்லா வெச்சு வாங்கிட்டேன்.

அவ சிரிக்கறா. சோறு சிந்தச் சிந்தச் சிரிக்கறா. எங்கூட்டுக்காரரும் சேந்துக்கிட்டு சிரிக்கறாரு. புள்ளைக்கு நல்ல புத்தி சொன்னா இதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?

உக்கடம் வந்துருச்சுங்களா? நான் இங்கதான் எறங்கோணும். இந்தாங்க உங்க பை. இல்லீங்க, இது என்ற பை. நோட்டு அதுலதான் இருக்குது, அதக் குடுங்க. நானும் யோசிச்சுப் பாத்துட்டேனுங்க, அவள இனிக் கட்டாயப்படுத்தறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். படிப்புங்கறது எல்லாருக்கும் ஒத்து வராதுங்க.